புறங்காலில் ஏன் வலி?

பள்ளி விளையாட்டு விழாவுக்கு மூன்றே வாரங்கள். இதுவரை ஓடிப் பழகாத நீங்கள் நாள்தோறும் 5 கிலோமீட்டர் ஓடத் தொடங்குகிறீர்கள். சில நாட்களில் புறங்காலில், அதாவது பாதத்தின் மேற்பகுதியில், வலி. நீங்கள் கீழே விழவில்லை, கல்லிலும் இடித்துக்கொள்ளவில்லை. பின் வலி எப்படி வந்தது?

1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட் இதே புதிரைச் சந்தித்தார். நெடுந்தூரம் அணிநடை சென்ற வீரர்களின் பாதங்கள் வீங்கி வலித்தன. அடிபட்ட அடையாளமோ இல்லை. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1897இல் அக்கதிர்களால் படமெடுத்தபோது புதிர் அவிழ்ந்தது. பாத எலும்புகளில் முறிவு! இதற்கு ‘அணிநடை முறிவு’ என்றே பெயர் வந்தது.

அடிபடாமல் எலும்பு முறியுமா? முறியும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் மெட்டாடார்சல்கள் என்னும் ஐந்து நீண்ட எலும்புகள் புறங்காலின் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் இவை மிகச் சிறிதளவு வளைகின்றன. தேய்ந்த பகுதியைச் சில செல்கள் அரித்து நீக்க, வேறு செல்கள் அங்கே புது எலும்பைக் கட்டுகின்றன. நீக்குவது சில வாரங்களில் முடியும், கட்டுவதற்கு மாதக்கணக்காகும். திடீரென்று பயிற்சியைக் கூட்டினால் தேய்மானம் முந்திக்கொள்ளும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல, எலும்பிலும் கீறல் விழும். இரண்டாம், மூன்றாம் எலும்புகளிலேயே இது மிகுதி.

வேறு காரணமும் உண்டு. கால்விரல்களை மேல்நோக்கித் தூக்குங்கள். கயிறுகள்போல எழுந்து தெரிபவை தசைநாண்கள். காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் இவை உரசி அழற்சி அடையலாம்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? விரல்களைக் கையால் அழுத்திக்கொண்டு மேலே தூக்க முயலும்போது நாணின் வழியே வலித்தால், அழற்சி என்று ஐயுறலாம். எலும்பின்மேல் ஒரே புள்ளியில் தொட்டால் கடுமையாக வலித்து, ஓடும்போது கூடி, ஓய்வில் குறைந்தால், கீறல் என்று ஐயுற வேண்டும். கால் மடங்கிய பின் புறங்கால் வீங்கி, உள்ளங்காலில் இரத்தம் கன்றியிருந்தால், எலும்புகளைப் பிணைக்கும் பந்தகம் கிழிந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இவை நோயை முடிவுசெய்யும் சோதனைகள் அல்ல; மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல உதவும் குறிப்புகள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ் கதிர்ப் படத்தில் கீறல் தெரியாமலே போகலாம். “படத்தில் ஒன்றுமில்லை” என்று மீண்டும் ஓடினால் கீறல் முழு முறிவாகிவிடக்கூடும். வலி நீடித்தால் மறுபடியும் காட்டுங்கள். தக்க ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் எலும்பு கூடிவிடும்.

இவ்வாண்டுப் பந்தயம் கைநழுவலாம். ஆனால் அடுத்த ஆண்டு ஓடுவதற்கும் அதே பாதம்தானே வேண்டும்? ஆகவே வலியை மறைக்காமல் உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் சொல்லுங்கள். பயிற்சியையும் வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள்.