பச்சை முகப்புப் பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று அக்கா போன் செய்து ஒரே புலம்பல். "உன் மருமகன் ஏதோ பச்சை முகப்பு வைத்த பழைய பெட்டிக்கு ஒரு பைக் விலையைக் கொட்டியிருக்கிறான், ஜப்பானிலிருந்து வருதாம்." ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோதானே, டேப்பில் எக்கோ போடும் ஆர்இ-201? வந்து இறங்கியதும் பிளக்கில் செருகிவிடாதே. முதலில் இதைப் படி.

அதன் பின்பக்கம் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230. என் முதல் ஜப்பான் மெஷினை அவசரத்தில் நேராகச் செருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருவாடு தீய்ந்த மாதிரி ஒரு வாடை. பாடகர் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ரிச்சி தெருக் கடைகளில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால் பெரும்பாலும் 110 வோல்ட் பெட்டியைத்தான் நீட்டுவார்கள். 100 என்று அழுத்திக் கேள். வாங்கியதையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே எக்கோவை மாட்டு.

பாடும் டிராக்கின் நடுவில் எக்கோவை இன்சர்ட்டாகப் போடாதே. இன்டர்ஃபேஸில் சும்மா இருக்கும் ஒரு அவுட்டை ஆக்ஸ் சென்டுக்கு ஒதுக்கு. அது எக்கோவுக்குப் போகட்டும். எக்கோ திரும்பி வருவது தனி ஃபேடரில் வரட்டும். லெவலில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இன்டர்ஃபேஸ் தள்ளுவது +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட். இந்தப் பெட்டியோ மேடையில் மைக்கும் கிட்டாரும் மாட்டுவதற்காகச் செய்தது. சென்டை அடியோடு இறக்கிவைத்து, பெட்டியில் உள்ள ஊசியைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்று. ஊசி படுத்தே கிடந்தால் டேப்பின் இரைச்சல்தான் மிஞ்சும். குரலுக்கு ஊசி சிவப்பை லேசாகத் தொட்டு வருவது எனக்குப் பிடிக்கும், தபேலாவுக்கு வேண்டாம்.

எக்கோவோடு நேர்க்குரலும் சேர்ந்து திரும்புகிறதா என்று காது கொடு. சத்தம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போய்த் திரும்பச் சில மில்லிசெகண்ட் பிடிக்கும். அந்தத் தாமதத்தோடு குரல்மேல் அதே குரல் விழுந்தால், குழாய்க்குள் நின்று பாடுகிற மாதிரி ஆகிவிடும். பதிந்த பிறகு அந்த டிராக்கை அத்தனை மில்லிசெகண்ட் முன்னால் இழுத்து வைத்தால் சரியாகிவிடும்.

இனி குமிழ்கள். இது 1974-இல் வந்த மெஷின். மிடி வந்ததே 1983-இல். கம்ப்யூட்டர் சொன்னால் இது கேட்காது, உன் விரல்தான் கேட்கவைக்க வேண்டும். பாட்டு 90 பிபிஎம் என்றால் அரைத் தட்டு 333 மில்லிசெகண்ட். ரிப்பீட் ரேட்டைத் திருப்பி, கிளிக்கோடு ஒட்டுகிறதா என்று காதால் பிடி. இன்டென்சிட்டி குமிழ் ஒரு இடத்தைத் தாண்டினால் எக்கோ தன்னையே தின்று பெருத்து ஊளையிட ஆரம்பிக்கும். அந்த இடம் எதுவென்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பழகு. ஒரு கை குமிழில், ஒரு கை ரிட்டர்ன் ஃபேடரில். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ரெக்கே தயாரிப்பாளர் லீ பெர்ரி தன் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் 4 டிராக் டீயாக் ரெக்கார்டரோடு இதே பெட்டியை வைத்துக்கொண்டு இப்படித்தான் வாசித்தார். ஆமாம், வாசித்தார் என்றுதான் சொல்வேன்.

வாசித்ததை அப்போதே தனி டிராக்கில் பதிந்துவிடு. மூன்று நான்கு தடவை வாசித்து, நல்லதை எடுத்துக்கொள். குமிழ்கள் நின்ற இடத்தைப் போட்டோ எடுத்துவைத்திருக்கிறேன், மிக்ஸிங் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. டேப் தேயும், ஹெட்டில் அழுக்கேறும். அடுத்த வாரம் அதே குமிழ் அதே சத்தத்தைத் தராது.

மேல்மூடியைத் திறந்தால் டேப் கொசகொசவென்று சுருண்டு கிடக்கும். சிக்கு விழுந்துவிட்டது என்று பதறி இழுத்துவிடாதே, அது அப்படித்தான் கிடக்க வேண்டும். ஹெட்டில் பழுப்பாக ஒட்டியிருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்துவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. விலை விஷயத்தை அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா