மேலங்கியின் கோட்டுச் சித்திரம்

சிறியதொரு தாள், அதன்மேற் பென்சிலால் விரைந்திழுத்த சில கோடுகள், முகம் பெயரளவிற்கே உண்டு. ஆயினும் தோள் எங்கே சரிகின்றது, இடை எங்கே ஒடுங்குகின்றது, கீழ்விளிம்பு எவ்வளவு விரிகின்றது என்பன ஐயமின்றி விளங்கும். பிரெஞ்சு ஆடைக்கலைஞர் கிறிஸ்தியான் தியோர் வரைந்த மேலங்கிச் சித்திரங்கள் இத்தன்மையன. இவற்றை ஓவியமென்பதா, தையலறைக்கு எழுதிய கடிதமென்பதா? கடிதமென்றே நாம் கொள்கின்றோம்.

தியோர் 1905-இல் நார்மண்டியிலுள்ள கிரான்வில் நகரிற் பிறந்தவர். ஓவியக்கூடம் நடத்தி வந்த அவர், குடும்பச் செல்வம் அழிந்தபின் ஆடைச் சித்திரங்களை விற்றே காலங்கழித்தார். 1946-இல், பருத்தி ஆலைச் செல்வர் மார்செல் புசாக்கின் பொருளுதவியாற் பாரிஸில் தமது நிலையத்தை நிறுவினார். படுக்கையிலும் உணவு மேசையிலும் வண்டியிலுங்கூட வரைவது தம் வழக்கமென அவரே எழுதியுள்ளார்.

சித்திரம் எத்தகைய உரு வேண்டுமென்று கூறுமேயன்றி, அதனை எங்ஙனம் வெட்டுவதென்று கூறாது. தையலறைத் தலைவியர் அதனைப் பார்த்து, முதலில் வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு மாதிரி அங்கி அமைப்பர். தாளின் கோட்டிற்கு எடையில்லை. துணிக்கோ எடையுண்டு, ஊடும் பாவும் உண்டு. நேர்வாக்கில் வெட்டினால் விறைத்து நிற்பது, மூலைவாக்கில் வெட்டினால் தொய்ந்து விழும். மாதிரியைக் கண்டு திருத்தங் கூறுவார் தியோர். அதன் பின்னரே கம்பளியிலோ பட்டிலோ கத்தரி படும். அம்மாதிரியே கடிதத்திற்கு வந்த மறுமொழியென்னலாம்.

1947 பிப்ரவரி 12-ஆம் நாள் அவர்தம் முதல் ஆடைக் காட்சியில் வெளிவந்த 'பார்' என்னும் உடையின் மேற்சட்டையை நோக்குக. தாளில் அஃது இடையில் உள்வளைந்து இடுப்பிற் புறம்வளையும் ஒரு கோடு, அவ்வளவே. தந்தநிறப் பட்டில் அக்கோடு சரியாது நிற்கவேண்டி, இடுப்பினுள்ளே திண்டு வைத்துத் தைத்தனர். வெளியிற் காணும் எளிமைக்கு உள்ளே எத்துணை உழைப்பு!

அதன் பாவாடையோ பல மடிப்புக்கள் கொண்டது. துணியை மிகுதியாக விழுங்குவது. போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்தது, துணித்தட்டு நீங்கவில்லை. இங்கிலாந்தில் உடைப் பங்கீடு 1949 வரை நீடித்தது. ஆதலின் இஃது ஊதாரித்தனமென்று கண்டித்தார் பலர். அழகை நாடிய கண்களுக்கு அக்காலத்தில் அது விருந்தே எனினும், கண்டித்தோர் கூற்றைப் பொறாமையென ஒதுக்க எமக்கு மனமில்லை. தாளில் விளிம்பைச் சற்று அகல இழுப்பதற்குச் செலவேதுமில்லை. துணியில் அதுவே பல கஜம்.

தியோர் 1957-இல் மறைந்தார். அங்கியினுள்ளே தைத்த பட்டயத்தில் அவர் பெயர் ஒன்றே இருக்கும். திண்டு வைத்த கைகளின் பெயர்களை அதிற் காண்டற்கில்லை.