விருந்து மேடையும் கூத்துமாடமும்

பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில் பிரெட்டானி என்னும் கடலோர நிலப்பகுதி உள்ளது. அங்குள்ள லோரியான் என்னும் துறைமுக நகரில் 1971ஆம் ஆண்டு முதல், ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் கெல்டிய இசை, ஆட்டப் பெருவிழா நடைபெற்று வருகிறது. கெல்டியர் என்போர் ஒரே நாட்டினர் அல்லர். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்சு, கார்ன்வால், மேன் தீவு, பிரெட்டானி எனச் சிதறிக் கிடக்கும் நிலங்களில், ஒன்றற்கொன்று உறவுடைய மொழிகளைப் பேசிவந்த மக்கள் அவர்கள். ஸ்பெயின் நாட்டின் கலீசியா, அஸ்தூரியா ஆகிய பகுதிகளும் இவ்விழாவில் உறவுமுறை கொண்டாடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு நாடு சிறப்பு விருந்தாக அழைக்கப்படும். அந்நாட்டுப் பாடகரும் ஆட்டக்காரரும் தோல்துருத்திக் குழல், யாழ், வயலின் முதலிய கருவிகளோடு வந்து சேர்வர்.

இவ்விழாக்கள் களிப்புக்காக மட்டும் தோன்றியவை அல்ல. மேன் தீவின் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி முதியவர் 1974இல் மறைந்தார். பின்னர் ஆர்வலர்கள் முயன்று அம்மொழியைப் பள்ளிகளில் மீண்டும் தளிர்க்கச் செய்தனர். பிரெட்டன் மொழி பேசும் குடும்பங்கள் தலைமுறைதோறும் குறைந்து வருகின்றன. எனவே ஒரு பாட்டு மேடையேறும்போது ஒரு மொழியும் அதனுடன் மேடையேறுகிறது. விருந்தாக வந்த கலைஞர் பாடுவது அவையோர்க்குப் புரியாமற் போகலாம். ஆயினும் அம்மொழி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு அவர் குரலே சான்று.

விருந்து மேடைக்கு மற்றொரு முகமும் உண்டு. 1994ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ஐரோப்பியப் பாட்டுப் போட்டி நடந்தது. போட்டிப் பாடல்கள் முடிந்து, மதிப்பெண் எண்ணப்படும் இடைவேளையை நிரப்புவதற்காக ஏறத்தாழ ஏழு நிமிடங்களுக்கு ஐரிய ஆட்டம் ஒன்று அரங்கேற்றப்பட்டது. அந்த ஏழு நிமிடங்களே 'ரிவர்டான்ஸ்' என்னும் பெயரில் பெருங்காட்சியாக வளர்ந்து உலகெங்கும் சென்றன. வெற்றிலைபாக்குக்கு வந்த விருந்தாளி வீட்டுக்கே உரியவரானது போன்ற நிகழ்ச்சி இது. ஆனால் ஊர்க்கூடத்தில் அண்டை அயலார் கூடி ஆடிய ஆட்டமும், ஒளிவெள்ளத்தில் வரிசையாக நின்று ஆடும் ஆட்டமும் ஒன்றாகுமா என்னும் வினா அன்றே எழுந்தது.

இதே வினா மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு புறத்திலும் எழுகிறது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் வாயில்களுள் பெரியது பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வழியாக வணிகரும் நெசவாளரும் அந்தணரும் புலவரும் நெடுங்காலமாக வந்து போயினர். அவ்வாறு வந்தவற்றுள் கம்பர் பாட்டும் ஒன்று.

பாரதப்புழை ஆற்றங்கரை ஊர்களில், பத்ரகாளி கோயில்களை அடுத்து, நீண்டு குறுகிய கட்டடம் ஒன்றைக் காணலாம். அதுவே கூத்துமாடம். கதையில் வரும் மாந்தரெல்லாம் தோலில் வெட்டிய பாவைகள். முற்காலத்தில் மான்தோலைப் பயன்படுத்தினர். இக்காலத்தில் ஆட்டுத்தோலே மிகுதி. இருக்கும் பாவை, நிற்கும் பாவை, நடக்கும் பாவை, போர்புரியும் பாவை என ஒரே மாந்தருக்குப் பல பாவைகள் உண்டு. இராமன் அமர்ந்திருக்கும் காட்சிக்கு ஒன்று, வில் வளைக்கும் காட்சிக்கு வேறொன்று. அசையாத பாவைகள் முள்ளால் திரையில் குத்தி நிறுத்தப்படும். 'ஆயப்புடவை' எனப்படும் திரைச்சீலைக்குப் பின்னே, தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து இருபத்தொரு விளக்குகளை வரிசையாக ஏற்றுவர். அவற்றிற்கான தீ கோயிலிலிருந்தே வரும். சுடர் அசையும்போது பாவையின் நிழலும் மூச்சு விடுவதுபோல் அசையும். மின்விளக்கால் இந்த அசைவைத் தர இயலாது.

கூத்து தொடங்கும் முன் பட்டர் பாவைகள் திரையில் தோன்றி, கடவுளரை வணங்கிக் கூத்தின் நோக்கத்தை எடுத்துரைக்கும். பட்டர் என்பது கேரளத்தில் தமிழ் அந்தணரைக் குறிக்கும் சொல். பின்னர்க் கம்பராமாயணப் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடப்படும். பாடல் தமிழ், பாடும் நா மலையாளம். ஒவ்வொரு பாடலுக்கும் தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் நீண்ட விளக்கம் சொல்லப்படும். சொல்லுக்குப் பொருள் கூறுதல், கிளைக்கதை சொல்லுதல், ஐயம் எழுப்பி விடை தருதல் என அவ்விளக்கம் விரியும். வழிவழியாக எழுதிக் காக்கப்பட்ட இக்கூத்துச் சுவடிக்கு 'ஆடற்பற்று' என்று பெயர். இதனைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் ஆகும். கற்றவரைப் 'புலவர்' என்றே ஊரார் அழைப்பர். மலையாள நாட்டில் ஒரு பாவைக்கூத்துக் கலைஞர்க்குத் தமிழ்ப்புலமை கருதி இப்பட்டம் வழங்குவது எண்ணி மகிழத்தக்கது.

இக்கூத்து ஓர் இரவோடு முடிவதன்று. ஊர் வழக்கத்திற்கேற்ப ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, நாற்பத்தொன்று, சில இடங்களில் எழுபத்தோர் இரவுகளும் நடைபெறும். இரவு முழுவதும் திரைக்குமுன் யார் இருந்து காண்பர்? பல ஊர்களில் ஒருவரும் இரார். தொடக்கத்தில் வாணவேடிக்கையும் பிற ஆட்டங்களும் காணக் கூடிய மக்கள், நள்ளிரவுக்குள் வீடு திரும்பிவிடுவர். ஆயினும் புலவர்கள் விடியும்வரை பாடுவர். ஏனெனில் இக்கூத்து காளியின் பொருட்டு நடப்பது. இராமன் இராவணனை வென்ற வேளையில் காளி தாருகன் என்னும் அரக்கனோடு போரிட்டுக் கொண்டிருந்தாள். அப்போரைக் காண இயலாத அவளுக்காகச் சிவபெருமான் ஆணைப்படி இக்கூத்து ஆடப்படுகிறது என்பது மரபுக்கதை. காணிக்கை அளித்தவர்களின் பெயர் சொல்லி அவர்தம் குடும்ப நலனுக்காகக் காளியிடம் வேண்டுதலும் கூத்தின் ஒரு பகுதி. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இக்கூத்துமாடங்களின் உள்ளே இரவுதோறும் அமர்ந்து குறிப்பெடுத்து, 1996இல் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். காண்போர் இல்லாத கூத்தில், திரைக்குப் பின்னே உள்ள புலவர்களே ஒருவர்க்கொருவர் அவையாகின்றனர் என்பது அந்நூல் காட்டும் அரிய உண்மை.

காண்போர் இல்லாத இக்கலையே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காண்போரைத் தேடிக் கடல் கடந்தது. ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதற்கு வழிகோலினார். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவர் வெளிநாட்டு விழாக்கள் பலவற்றில் விருந்துக் கலைஞராகப் பங்கேற்றார். 2021இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். விருந்து மேடை கேட்பது வேறு. அங்குக் கோயில் விளக்கு இல்லை. காணிக்கைப் பெயர்கள் இல்லை. நாற்பத்தோர் இரவு இல்லை. ஒரு மணி நேரமோ அதனினும் குறைவாகவோதான் கிடைக்கும். மடித்து எடுத்துச் செல்லத்தக்க திரை வேண்டும். பொன்மான் வருகை, அனுமன் செயல், போர்க்களம் போன்ற காட்சிகளே மொழி அறியாதவர் கண்ணைக் கவரும். ஆகவே நீண்ட விளக்கவுரைதான் முதலில் சுருங்குகிறது. அதனோடு, புலவர் என்னும் பெயருக்குக் காரணமான புலமையும் திரைக்குப் பின்னே தங்கிவிடுகிறது.

இதனை இழப்பு என்று மட்டும் கொள்ளுதல் நேர்மையாகாது. கோயில் தரும் சிறு ஊதியத்தால் மட்டும் ஒரு குடும்பம் வாழ இயலாது. வெளி மேடைகள் பொருள் ஈட்டித் தந்தன, மதிப்பையும் தந்தன, அம்மதிப்பைக் கண்டே இளையோர் சிலர் கற்க முன்வந்தனர். காந்தியடிகளின் வாழ்வு போன்ற புதிய கதைகளும் தோற்பாவையில் ஆடப்பட்டன. கூத்துமாடத்தினுள் ஆண்களே பாவை ஆட்டிவந்த மரபில், 2021இல் பெண்களே நடத்தும் குழுவொன்று புலவர் குடும்பத்திலிருந்து உருவானது. கூத்துமாடத்திற்கு வெளியே ஒரு மேடை இல்லையெனில் இம்மாற்றம் எளிதில் நிகழ்ந்திராது.

பாலக்காட்டின் மலைப்பகுதியான அட்டப்பாடியிலிருந்து மேடையேறிய மற்றொரு குரலையும் இங்கு நினைத்தல் தகும். இருளர் இனத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, ஆடுமாடு மேய்த்த மலைச்சரிவுகளில் பாடி வளர்ந்தவர். 2020இல் வெளிவந்த 'ஐயப்பனும் கோஷியும்' என்னும் மலையாளத் திரைப்படத்திற்காக அவர் இருள மொழியிலேயே பாடினார். தமிழோடு நெருங்கிய உறவுடையது அம்மொழி. 2022இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. முறையான இசைப்பயிற்சி இல்லாதவர்க்கு இவ்விருது தகுமா எனச் சிலர் வினவினர். பயிற்சி என்பது பள்ளியில் மட்டும் கிடைப்பதா எனப் பலர் மறுத்துரைத்தனர். மலைப்பாட்டைச் சுருதிப்பெட்டியைக் கொண்டு அளப்பது, கடலை உழக்கால் அளப்பதை ஒக்கும்.

இனி இடுக்கி மாவட்டத்தைக் காண்போம். கட்டப்பனைக்கு அருகில் உள்ள கோவில்மலை, மன்னான் பழங்குடியினரின் தலைமையிடம். அவர்களுக்கு இன்றும் ஓர் அரசர் உண்டு. தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்தம் நம்பிக்கை. அறுவடைக்குப் பின் நடைபெறும் 'காலாவூட்டு' விழாவில் மன்னான் கூத்து ஆடப்படும். அக்கூத்துப் பாடல்களின் கதை கோவலன் கண்ணகி கதையே. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில், வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகியைக் கண்டவர்கள் மலைக்குறவர். அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடியவர்களும் அவர்களே. சேரன் செங்குட்டுவனுக்குச் செய்தி சொன்னவர்களும் மலைவாழ் மக்களே. இன்றும் மலைமக்கள் அக்கதையைப் பாடி ஆடுகின்றனர் என்பதைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது. குமுளிக்கு மேலே, தேனி, இடுக்கி மாவட்டங்களின் எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டும், இரு மாநில மக்களும் காட்டு வழியே ஏறிச் சென்று வழிபட இசைவு உண்டு. அன்று யார் விருந்தினர், யார் வீட்டார் எனப் பிரித்தறிய முடியாது.

2025ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பைக் காணக் கோவில்மலை அரசர் விருந்தினராகப் புதுதில்லிக்கு அழைக்கப்பட்டார். அழைப்பு பெருமைக்குரியது. ஆனால் மன்னான் கூத்து முழுமையாகக் கேட்கப்பட வேண்டுமெனில், கேட்போர் கோவில்மலைக்குச் சென்றாக வேண்டும்.

கெல்டியருக்கும் இம்மலைகளுக்கும் தொடர்பே இல்லையோ என்று எண்ண வேண்டியதில்லை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த நிறுவனம் மூணாற்றில் தேயிலைத் தோட்டங்களை விரித்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கும்மியையும் ஒப்பாரியையும் தாலாட்டையும் உடன் கொண்டுவந்தன. அதற்கும் முன்பே, சென்னையில் ஆங்கிலேயர் இசைக்குழுக்கள் வாசித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றிற்கேற்ப வடமொழியில் நோட்டுசுவரப் பாடல்களை இயற்றினார். அம்மெட்டுகளுள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டுகளும் உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டாரிடம் வயலின் கற்றுக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தார். விருந்தாக வந்த கருவி இன்று கச்சேரிதோறும் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது.

பயிற்சி

1. 'பாடல் தமிழ், பாடும் நா மலையாளம்' என்னும் தொடரை விளக்குக.

2. கூத்துமாடத்தில் நடைபெறும் கூத்துக்கும் விருந்து மேடையில் நடைபெறும் கூத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பாடத்தின் துணைகொண்டு எழுதுக.

3. விருந்து மேடையில் விளக்கவுரை சுருங்குவதைப் பாடம் எவ்வாறு மதிப்பிடுகிறது? நும் கருத்து வேறாயின் காரணத்துடன் எழுதுக.

4. கூத்துமாடம், விளக்கவுரை, மலைச்சரிவு, சுருதிப்பெட்டி – இச்சொற்களைப் பிரித்துப் பொருள் எழுதித் தொடரில் அமைக்க.

5. நும் வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் இளமையில் கேட்ட பாட்டு ஒன்றை அவர் சொன்னவாறே எழுதி வருக. மலையாளச் சொல் கலந்திருப்பின் அதனை மாற்றாது எழுதுக.