இலைக்குள் ஒரு சுவிட்ச்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பல இரவிலும் இயங்குகின்றன. திருவள்ளூர் வட்டாரத்து நெல்லின் இலைகளிலோ, பொழுது சாய்ந்ததும் சர்க்கரை ஆக்கம் நின்றுவிடுகிறது. அந்த ஆக்கத்தை 'இருள்வினை' என்று படிக்கிறோமே, இருளில் ஏன் நடப்பதில்லை?

ஒளிவினை தரும் ஏடிபி, என்ஏடிபிஎச் ஆகியவை கிடைக்காதது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு, மாணவர்களே!

கால்வின் சுழற்சியின் சில நொதிகளில், இருளில் இரு கந்தக அணுக்கள் பிணைந்து நொதியை முடக்கி வைக்கின்றன. பச்சையம் ஒளியை ஏற்றதும் நீரிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி, ஃபெரிடாக்சின் வழியாகத் தயோரெடாக்சின் என்னும் சிறு புரதத்தை அடைகிறது. அது கந்தகப் பிணைப்பை அறுக்கிறது. கந்தகம் ஒவ்வொன்றுடனும் ஒரு ஹைட்ரஜன் சேர்கிறது. நொதி விழித்துக்கொள்கிறது! இருட்டியதும் ஆக்சிஜனேற்றத்தால் பிணைப்பு மீள்கிறது, நொதி உறங்குகிறது. 1970-களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பாப் புக்கானன் குழுவினர் கீரை இலைகளை ஆராய்ந்து இதனை விளக்கினர்.

இதனால் என்ன பயன்? இரவில் இலை, பகலில் சேர்த்த மாவுப்பொருளைச் சிதைத்தே வாழ்கிறது. அப்போது ஆக்கமும் நடந்தால், ஒருபுறம் கட்டி மறுபுறம் இடிப்பது போலாகும். சேமிப்பு வீணாகக் கரையும். பசுங்கணிகத்தில் சர்க்கரையைச் சிதைக்கும் ஒரு நொதியோ, இதே பிணைப்பு அறுந்தால் அணைந்துவிடுகிறது. ஒரே சுவிட்ச், இரு வேலை!

ஆகவே, பெயர் இருள்வினை, ஆணையிடுவதோ ஒளி.