விசாவுக்கு முந்திய எண்

பனமரத்துப்பட்டியிலிருந்து மல்லூர் வந்து நான்குவழிச் சாலையில் ஏறினால், வடக்கே சேலம், தெற்கே நாமக்கல். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் டிசைன் வேலை பழகுவது பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களையும் சுற்றித்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள், சேலத்தில் வெள்ளிக் கொலுசும் ஜவ்வரிசி ஆலை இயந்திரங்களும். ஆட்டோகேடோ சாலிட்ஒர்க்ஸோ தெரிந்த எல்லாருக்கும் பட்டறையில் ஒரே பெயர்தான்: டிசைனர்.

வெளிநாடு கிளம்பும்போது முதலில் காலை வாருவது இந்தப் பெயர். எந்த நாட்டு விசா சுலபம் என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் வருகிறார்கள். அது இரண்டாவது கேள்வி. குடியேற்ற அதிகாரிக்கு உங்கள் பதவிப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் தினமும் செய்யும் வேலை அவருடைய தொழில் பட்டியலில் எந்த எண்ணில் விழுகிறது என்பதைத்தான் பார்ப்பார்.

ஆஸ்திரேலியாவில் இண்டஸ்ட்ரியல் டிசைனருக்கு எண் 232312. கனடாவில் 22211. ஒரு பொருளை மனிதர் எப்படிப் பிடிப்பார், எப்படி உட்காருவார், அது எப்படித் தெரியும், எப்படி விற்கும், எப்படித் தயாரிக்கலாம் என்று எல்லாம் சேர்த்துத் திட்டமிடுபவர் இதில் வருவார். கொலுசு, நகை வரைபவருக்கு ஆஸ்திரேலியாவில் தனி எண், 232313. மெக்கானிக்கல் என்ஜினியர் 233512. முதலாளி சொன்ன அளவை அப்படியே படமாக வரைந்து கொடுப்பவர் டிராஃப்ட்ஸ்மேன்; அவர் 312511. கனடாவில் டிராஃப்டிங் வேலைக்கு 22212, மெக்கானிக்கல் என்ஜினியருக்கு 21301.

லாரி கேபினையே எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்பது சட்டம். கேபின், பாடி கட்டுவதற்கு ஏஐஎஸ்-093 என்ற விதி வேறு இருக்கிறது. ஒரு பட்டறையில் மூன்று பேர் இந்தக் கேபின் வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் பழைய படத்தில் ஏசிக்கு இடம் விட்டுத் திருத்தி வரைகிறார். இன்னொருவர் தகட்டின் கனம், வெல்டிங், சுமை தாங்கும் கணக்கைப் பார்க்கிறார். மூன்றாமவர் டிரைவரிடம் பேசி, சீட்டின் உயரம், ஏறும் படி, காற்று வரும் திசை, பின்னால் படுக்கும் இடம் எல்லாவற்றையும் மாற்றி, மரத்திலோ தெர்மோகோலிலோ மாதிரி செய்து உட்கார வைத்துப் பார்க்கிறார். இந்த மூன்றாமவருக்குத்தான் 232312. மற்ற இருவரும் அந்த எண்ணில் விண்ணப்பித்தால் பணம் போகும், பதில் ‘இல்லை’ என்று வரும். மூன்று வேலையையும் நீங்களே செய்கிறீர்கள் என்றால், எதில் அதிக நேரம் போகிறது என்று பாருங்கள். உங்கள் எண் அங்கேதான் இருக்கிறது.

எண் முடிவான பிறகு ஆஸ்திரேலியா. இண்டஸ்ட்ரியல் டிசைனருக்குத் திறன் மதிப்பீடு செய்வது வெட்டாசெஸ் என்ற அமைப்பு. இளநிலைப் பட்டத்துக்குச் சமமான படிப்பு, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டு சம்பள வேலை, வாரம் குறைந்தது 20 மணி நேரம்: அடிப்படை இதுதான். யாருடைய பரிந்துரையும் இல்லாமல் போகும் 189 விசாவுக்கு இந்தத் தொழில் பட்டியலில் இல்லை. மாநிலம் பரிந்துரைக்கும் 190, பெருநகரத்துக்கு வெளியே வாழச் சொல்லும் 491 ஆகிய இரண்டும்தான் வழி. நிறுவனமே கூப்பிடும் 482 விசாவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அது மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் தேதியில் பாருங்கள்.

புள்ளிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வயது 28, அதற்கு 30. பட்டத்துக்கு 15. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கு பிரிவிலும் 7 வாங்கினால் 10. கல்யாணம் ஆகவில்லை, அதற்கு 10. ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு 10 என்று நினைப்பீர்கள். அங்கேதான் பலர் கணக்கு தப்புகிறது. தகுதி பெறுவதற்கான முதல் ஓராண்டை வெட்டாசெஸ் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை எண்ணும். ஐந்து நான்காகிவிடும், புள்ளி 5 தான். ஆக மொத்தம் 70. 491 என்றால் மேலே 15, 190 என்றால் மேலே 5. குறைந்தபட்சம் 65 தான் என்றாலும், அழைப்பு வருவது மாநிலத்தின் தேவையைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் 7 லிருந்து 8 க்கு ஏறினால் இன்னும் 10 புள்ளி கிடைக்கும். ஓராண்டு கூடுதலாக வேலை பார்ப்பதைவிட இது மலிவு. 190 விசாவின் கட்டணம் மட்டும் ஒருவருக்கு இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டும், அதையும் மனதில் வையுங்கள். 491 இல் போனவர் மூன்றாண்டுக்குப் பிறகு 191 மூலம் நிரந்தரமாகலாம்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு டிசைன் செய்கிறவர்கள்தான் இங்கே அதிகம். வெட்டாசெஸ் பட்டத்தின் தரத்தோடு துறையையும் பார்க்கும். உங்கள் வேலை நிஜத்தில் என்ஜினியரிங் பக்கம் சாய்ந்தால் என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் 233512 இல் போவது நேர்வழி. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 இல் முழு உறுப்பினரானது. ஆனாலும் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏவின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குத்தான் அந்தச் சலுகை. மற்றவர்கள் சிடிஆர் என்ற அறிக்கையை எழுத வேண்டும்: நீங்களே செய்த மூன்று வேலைகளைப் பற்றி மூன்று அத்தியாயம். கடையில் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். நகல் பிடிபட்டால் பல மாதங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது.

இப்போது பட்டறைப் பக்கம் வருவோம். எனக்குத் தெரிந்து, இந்த வட்டாரத்துத் திறமைசாலிகள் தோற்பது காகிதத்தில்தான். சனிக்கிழமை சாயங்காலம் கையில் கூலி. ரசீது இல்லை. பிஎஃப் இல்லை. ஆறு வருடம் வேலை பார்த்தாலும் வெளிநாட்டுக் கண்ணுக்கு அது பூஜ்யம். இன்றைக்கே மாற்றக்கூடிய சில காரியங்கள் உண்டு. சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், பாதியாவது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிஎஃப் கட்டுவது முதலாளியின் கடமை. யூஏஎன் எண்ணை வாங்கி வையுங்கள். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வேலையை விட்டு வரும்போது கொடுக்கும் கடிதத்தில் ‘நல்ல பையன், நேர்மையானவர்’ என்ற வரிக்கு மதிப்பில்லை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி, சம்பளம் எவ்வளவு, என்னென்ன பொறுப்பு என்று லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். பொறுப்புகளை உங்கள் வார்த்தையில் எழுதிக் கொடுத்தால் முதலாளி கையெழுத்துப் போடுவார். தொழில் பட்டியலில் உள்ள வரிகளை அப்படியே நகலெடுத்தால் மதிப்பீட்டாளருக்குச் சந்தேகம் வரும்.

போர்ட்ஃபோலியோவுக்கும் இதே கதை. அழகான 3டி படம் எல்லாரிடமும் இருக்கிறது. பழைய கேபின், டிரைவர் சொன்ன புகார், கிறுக்கிப் பார்த்த மூன்று தாள், தோற்றுப்போன மாதிரி, கடைசியில் வந்த வண்டி என்று வரிசையாகக் காட்டுங்கள். முதலாளியின் வரைபடங்களை வெளியே காட்ட எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 இல் வந்தது. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் நுழைய 100 க்கு 67 புள்ளி, அதற்குப் பிறகு 1200 க்குக் கணக்கிடும் சிஆர்எஸ் தரவரிசை. அனுபவம் ஓராண்டு தொடர்ச்சியாக இருந்தால் போதும், ஆங்கிலத்தில் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் நான்கு பிரிவிலும் 6. நுழைவது சுலபம், அழைப்பு கிடைப்பதுதான் கஷ்டம். கனடா நிறுவனம் தரும் வேலைவாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த கூடுதல் புள்ளியும் 2025 மார்ச் 25 முதல் இல்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்றுகளில் கட் ஆஃப் கணிசமாகக் குறைவாக இருக்கிறது. முப்பது வயதுக்குள் இருப்பவர் இரண்டு ஆண்டு பிரெஞ்சு படிப்பது வீணாகாது. கையிருப்பும் காட்ட வேண்டும், ஒருவருக்கு 15,000 கனடா டாலருக்கு மேல். அரளித் தோட்டமும் வீட்டுப் பத்திரமும் அதில் சேராது, கடன் வாங்கிய பணமும் சேராது. சீட்டு எடுத்து வங்கியில் போட்டிருந்தால், பணம் வந்த வழியைக் காட்டும் தாளை வைத்திருங்கள்.

பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜெர்மனி. 2024 ஜூன் 1 இல் வந்த ஷான்சன்கார்ட்டே, அதாவது வாய்ப்பு அட்டை, வேலை கிடைக்கும் முன்பே ஓராண்டு அங்கே போய்த் தேட விடுகிறது. அரசு அங்கீகரித்த இரண்டாண்டுத் தொழிற்படிப்பும் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 உம் இருந்தால் தகுதி உண்டு. பிறகு 6 புள்ளி சேர்க்க வேண்டும். 35 வயதுக்குள் என்றால் 2, துறையில் கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு அனுபவம் 2, ஜெர்மன் பி1 க்கு 2. முடிந்தது. தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலையும் செய்யலாம். செலவுக்கு, 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ வீதம் முடக்குக் கணக்கில் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தால் ஈயூ ப்ளூ கார்டு. 2025 இல் அதன் ஆண்டுச் சம்பள வரம்பு 48,300 யூரோ, பட்டம் வாங்கி மூன்றாண்டு ஆகாதவருக்கு 43,759.80. பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம். இந்தியர்களுக்கான திறன் தொழிலாளர் விசாவை ஆண்டுக்கு 20,000 லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்நாடு அறிவித்தது. கிளம்பும் முன், வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி பட்டியலிடும் அனாபின் தளத்தில் உங்கள் பட்டமும் பல்கலைக்கழகமும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

மேற்படிப்புக்குப் போவதென்றாலும் ஜெர்மனியே. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. அந்த மாநிலத்து ஃபோர்ட்ஸ்ஹைம் வாகன டிசைனுக்கும் நகைக்கும் பெயர்போன ஊர். லாரி பாடி பையனும் கொலுசுப் பட்டறைப் பெண்ணும் ஒரே கல்லூரியை ஆராயலாம்! உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். இன்னும் பிளஸ் டூவில் இருக்கும் தம்பி தங்கைகள் இங்கேயே டிசைன் பட்டம் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் தேர்வும், அகமதாபாத் என்ஐடியின் தேர்வும் அதற்குத்தான்.

மற்ற நாடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் திறன் தொழிலாளர் விசாவுக்குப் பட்டதாரி நிலை வேலையும், பொதுவாக 41,700 பவுண்டு சம்பளமும் வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி புதிய மனுவுக்கு 2025 செப்டம்பரில் 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்த பிறகு, சிறு டிசைன் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பது கனவுதான். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 இல் குறைந்த மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, வயதோடு அது ஏறும், காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 புள்ளியும் வேண்டும். கொஞ்சம் அனுபவம் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பட்டத்தில் அப்பா பெயர் பின்னால், பிஎஃப்பில் வேறு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலி. நம்மூரில் இது சாதாரணம், அங்கே இது நான்கு ஆள்கள். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மாற்ற முடியாததற்கு நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள்.

இன்னொன்று ஏஜென்ட். சேலம் புதுப் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பலகை மாட்டியிருக்கும் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் பதிவு எண் என்ன? வேலைக்கு அனுப்புபவர் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண் இருக்க வேண்டும். கனடாவுக்கு ஆலோசனை சொல்பவர் ஆர்சிஐசி உரிமம் பெற்றிருக்க வேண்டும், ஆஸ்திரேலியாவுக்கு என்றால் மாரா பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, ஆள் எடுப்பு அறிவிப்புகளை அங்கேயும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘விசா கன்ஃபார்ம், பாதிப் பணம் இப்போது’ என்று சொல்பவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.