கடலுக்குப் போகும் கைச் செட்டு

அன்புள்ள ஜெனிஷ்,

இந்த முறை பல நாள் கடலிலேயே தங்கும் தங்கல் தொழிலுக்குப் போகும்போது படகின் கைச் செட்டை, அதாவது கையில் பிடித்துப் பேசும் விஎச்எஃப் ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டிரைவர் உன்னிடம் விட்டிருக்கிறார் என்று அக்கா சொன்னாள். சந்தோஷம் மக்களே. போனில் நீ கேட்டது ஒரே கேள்விதான்: ராத்திரி முழுக்கச் சார்ஜரில் வைத்தும் காலையில் ஒரு கோடுதான் காட்டுகிறது, பேட்டரி போய்விட்டதா? அநேகமாகப் போயிருக்காது. உப்பு பிடித்திருக்கும். ஆனால் இதைப் போனில் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கேபினில் ஒரு பெரிய விஎச்எஃப் இருக்கிறதே, இந்தச் சின்னச் செட்டு எதற்கு என்று உன் கூட வருபவர்கள் கேட்பார்கள். பெரிய செட்டு படகின் பேட்டரியை நம்பி வாழ்கிறது. எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறி அந்த பேட்டரி மூழ்கினால் அதுவும் ஊமையாகிவிடும். அதற்குப் பிறகு உங்களுக்காகப் பேச மிச்சமிருப்பது உன் இடுப்பில் இருக்கும் செட்டு ஒன்றுதான். அதில் அப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை முந்தின நாள் ராத்திரி நீ செய்த வேலை தீர்மானித்திருக்கும்.

செட்டின் முதுகிலிருந்து பேட்டரியைக் கழற்றித் திருப்பிப் பார். சார்ஜரில் உட்காரும் இடத்தில் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். அவற்றின் மேல் வெள்ளையாகப் பொடி இருந்தால் அது காய்ந்த உப்பு. பச்சையாக இருந்தால் களிம்பு. கடல்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரத்தோடு செட்டைச் சார்ஜரில் வைத்தால், மின்சாரத்தில் ஒரு பங்கு பேட்டரிக்குள் போகாமல் அந்த ஈரத்தின் வழியாக ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கசியும். அந்தக் கசிவுதான் உலோகத்தை அரித்துக் களிம்பாக்குகிறது. களிம்பு ஏறிய புள்ளியில் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும், புள்ளியும் சூடாகும். சார்ஜரில் விளக்கு எரிவதைப் பார்த்து நீ தூங்கப் போயிருப்பாய், உள்ளே ஒன்றும் ஏறியிருக்காது.

ஆகவே தினமும் வேலை முடிந்ததும், பேட்டரி மாட்டியபடியே, ரப்பர் மூடிகளை அழுத்தி மூடிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செட்டைத் துடை. கடலில் குடிதண்ணீரின் அருமை எனக்குத் தெரியும். அரை டம்ளர் போதும். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, பேட்டரியைக் கழற்றி, புள்ளிகளைத் துடைத்துக் காயவிட்டு, அதன் பிறகு சார்ஜரில் வை. கறை போகவில்லை என்றால் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய். மீன் அறுக்கும் கத்தியால் சுரண்டாதே, உப்புத்தாளையும் கொண்டு போகாதே. மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே இன்னும் வேகமாக அரிக்கும்.

இனி பேட்டரி. இப்போது வரும் செட்டுகளில் பெரும்பாலும் லித்தியம் அயான்தான். பல செட்டுகளில் உள்ளே இரண்டு செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் பெயரளவில் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. இரண்டும் சேர்ந்து நிறையும்போது 8.4 வோல்ட். அந்த அளவுக்கு மேல் தள்ளினால் செல்லுக்குள் வேண்டாத வேதிவினைகள் தொடங்கிச் சூடு பிறக்கும். அந்தச் சூடு வினையை இன்னும் வேகமாக்கும், கடைசியில் தானாகவே தீப்பிடிக்கும். இதைத் தடுக்க இரண்டு காவல் உண்டு. சரியான அளவில் நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் ஒன்று, பேட்டரிக்குள்ளேயே இருக்கும் சின்னப் பாதுகாப்புச் சர்க்யூட் இன்னொன்று. பழைய நிக்கல் பேட்டரி செட்டின் சார்ஜர் வீட்டில் கிடக்கும், பார்த்தால் இதுபோலவே இருக்கும், சில சமயம் செட்டு அதில் கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஆனால் நிக்கலுக்குச் சார்ஜ் ஏற்றும் முறை வேறு. மாற்றி வைப்பது முதல் காவலை நீயே வெளியே அனுப்புவது. பாதி விலைக்குக் கிடைக்கும் போலி பேட்டரிகளில் இரண்டாவது காவலே இல்லாமல் போகலாம். அந்தப் பாதி விலையை மிச்சம் பிடிக்காதே.

இதைப் படிக்கும்போது லெபனான் நினைவுக்கு வரலாம். 2024 செப்டம்பர் 17 அன்று அங்கே பேஜர்களும் மறுநாள் வாக்கி டாக்கிகளும் வெடித்து மனிதர்கள் செத்தார்கள். அதைக் கேட்டுச் செட்டையே இடுப்பில் கட்டப் பயந்தவர்கள் உண்டு. அந்தக் கருவிகளுக்குள் முன்கூட்டியே வெடிமருந்து வைக்கப்பட்டிருந்தது. சாதாரண லித்தியம் பேட்டரி கெட்டால் புகையும், சீறும், எரியும். அந்த மாதிரி வெடிக்காது. உன் பயம் இருக்க வேண்டிய இடம் வேறு: ஈரம், வெயில், தப்பான சார்ஜர், அடிபட்ட பேட்டரி.

படகில் மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பார். பல விசைப்படகுகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையில் இணைத்து 24 வோல்ட்டாக ஓட்டுகிறார்கள். செட்டின் சார்ஜருக்கு வேண்டியது 12. உடனே யாராவது இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். வேலை செய்யும், உண்மைதான். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் இறங்க, மற்றது அளவுக்கு மேல் ஏற, இரண்டும் சீக்கிரம் கெடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி அது என்பதை மறக்காதே. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, வயரில் ஃபியூஸ் போட்டு மாட்டச் சொல். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அந்த பேட்டரிகளுக்குப் பக்கத்தில் செட்டின் சார்ஜரை வைக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கும்போது வரும் ஒரு பொறி போதும்.

எஞ்சின் அறையும் வேண்டாம். லித்தியத்தை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது, மத்தியான வெயிலில் கேபின் கண்ணாடியோரமும் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். வெயிலில் கிடந்த செட்டு என்றால் நிழலில் ஆறவிட்டுத்தான் சார்ஜரில் வை. படுக்கைக்கு அடியில், துணி மூட்டைக்கு நடுவில் வைப்பதும் தப்பு; யாராவது விழித்திருந்து கண்ணில் படும் இடமாகப் பார். சார்ஜ் ஏறும்போது செட்டை அணைத்து வை. சார்ஜரில் இருக்கும்போதே பொத்தானை அழுத்திப் பேசினால் பேட்டரி இரண்டு பக்கமும் வேலை செய்து சூடாகும், நிறைந்துவிட்டதா என்று சார்ஜருக்கும் குழப்பம் வரும்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கடைசியாக வந்த அன்று காலியாக இருந்த பேட்டரியை அப்படியே அலமாரியில் போட்டால், இரண்டு மாதத்தில் அது இன்னும் இறங்கி, பாதுகாப்புச் சர்க்யூட் பூட்டிக்கொள்ளும். ஆகஸ்ட்டில் எந்தச் சார்ஜரும் அதை ஏற்காது. நிறைய வைத்தும் போடாதே, அதுவும் செல்லை முதுமையாக்கும். பாதி அளவில் வைத்து, செட்டிலிருந்து கழற்றி, குளிர்ந்த இடத்தில் வை.

பேட்டரியைச் செட்டில் மாட்டும்போது கொக்கி விழாமல் அழுத்த வேண்டியிருந்தால் நிறுத்து. மேஜையில் மல்லாக்க வைத்து விரலால் தட்டிப் பார். ஆடினால் முதுகு உப்பியிருக்கிறது என்று பொருள். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி ஓட்டுபவர்களை இந்தத் துறைமுகத்திலேயே பார்த்திருக்கிறேன், எனக்கு அடிவயிறு கலங்கும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யாதே, குத்தாதே, கடலில் வீசாதே. தனியாக வைத்திருந்து கரையில் விற்ற கடையிடமோ மின்கழிவு எடுப்பவரிடமோ கொடு. புகைய ஆரம்பித்துவிட்டால் ஆட்களை விலக்கி, புகையைச் சுவாசிக்காத பக்கம் நின்று, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்று. தீ அணைந்த பிறகும் ஊற்று, உள்ளே சூடு இருந்தால் மறுபடி பற்றும்.

உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறை, தூண்டில் முள் கிடக்கும் பையில் போடாதே. அதன் புள்ளிகளில் உலோகம் பட்டால் ஷார்ட் ஆகித் துணியைச் சுடும். சில செட்டுகளுக்குச் சாதாரண ஏஏ செல் போடும் பெட்டி ஒன்று வரும். ஆபத்துக்காலத்துக்கு அது நல்ல துணை. ஆனால் அந்தப் பெட்டியோடு செட்டைச் சார்ஜரில் வைத்துவிடக் கூடாது.

இனி கடலில். கைச் செட்டில் பெரும்பாலும் 1 வாட், 5 வாட் என்று இரண்டு பவர் உண்டு. எப்போதும் 5-இல் வைத்தால் தூரம் போகும் என்பது எல்லோரும் நம்புவது. முட்டம் கலங்கரை விளக்கம் படகு போகப் போகக் கடலுக்குள் இறங்கி மறைகிறதே, விஎச்எஃப் அலையும் ஏறக்குறைய அப்படித்தான், அடிவானத்தைத் தாண்டி வளைந்து போகாது. கணக்கு எளிது. ஆன்டெனா தண்ணீருக்கு மேல் எத்தனை மீட்டர் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 2 மீட்டர் உயரத்தில் நீ பிடித்தால் சுமார் 6. எதிர்ப் படகிலும் ஒருவர் அப்படியே பிடித்திருந்தால் இரண்டையும் கூட்டி 12-க்குள். எதிரில் 9 மீட்டர் உயரக் கொம்பில் ஆன்டெனா இருந்தால் 18. இந்த எல்லைக்கு வெளியே 5 வாட்டும் பயனில்லை, பேட்டரிதான் தீரும். பக்கத்துப் படகோடு 1 வாட்டில் பேசு. எட்டவில்லை என்றால் முதலில் உயரமான இடத்தில் ஏறி நின்று, ஆன்டெனாவை நேர்செங்குத்தாகப் பிடித்துப் பார்.

அதே கணக்கு உனக்கு நம்பிக்கையும் தரும். 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அடிவானம் 71 கிலோமீட்டர். கடலோரக் காவல்படை தேடி வரும்போது, அலைமட்டத்தில் கிடக்கும் உன் செட்டும் அதற்குக் கேட்கும். ஆனால் 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது, ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்த நம் ஊர்ப் படகுகளைக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. நூறு கடல்மைலுக்கு அப்பால் கரையோடு பேச விஎச்எஃப் உதவாது. அதற்குச் செயற்கைக்கோள் கருவிதான் வேண்டும், அது படகில் இருக்கிறதா என்று டிரைவரிடம் கேள்.

பிடிக்கும் முறை. வாயிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடி, ஆன்டெனா முகத்திலோ கண்ணிலோ படக் கூடாது. ரப்பர் உரிந்து உள்ளே கம்பி தெரிந்தால் மாற்று, பேசும்போது தோல் சுடும். ஆன்டெனா இல்லாமல் பொத்தானை அழுத்தாதே, வெளியேற வழியில்லாத பவர் திரும்பி வந்து உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடலாம். ஆன்டெனாவைப் பிடித்துச் செட்டைத் தூக்கவும் கூடாது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. காம்பஸ் பக்கத்தில் வைத்தால் முள் விலகும், ஒரு மீட்டராவது தள்ளி வை. வள்ளத்துக்குப் பெட்ரோல் ஊற்றும் நேரத்தில் பேசவோ பேட்டரி மாற்றவோ வேண்டாம். கயிற்றைப் படகின் கம்பியில் கட்டாமல் உன் லைஃப் ஜாக்கெட்டில் கட்டு. நீ விழுந்தால் செட்டும் உன்னோடு வர வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், ஆனால் மூடி திறந்திருந்தால் அந்த எழுத்துக்கு அர்த்தம் கிடையாது.

பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசு, இல்லையென்றால் முதல் சொல் அறுபடும். அழுத்தியிருக்கும்வரை உனக்கு ஒன்றும் கேட்காது. லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் பொத்தான் தானாக அமுங்கிக் கிடந்தால், அந்தச் சேனலில் சுற்றியுள்ள எல்லாப் படகுகளின் வாயும் அடைபட்டுவிடும், உன் பேட்டரியும் சூடாகித் தீரும். ஊரே திடீரென்று அமைதியானால் முதலில் உன் செட்டைப் பார்.

சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அழைப்புக்கும் ஆபத்துக்கும் மட்டும். மீன் விலை, வலை நிலவரம் எல்லாம் வேறு சேனலுக்கு. 70-இல் பேசவே கூடாது, அது டிஜிட்டல் அவசரச் செய்திக்கானது. உயிருக்கு ஆபத்து என்றால் 16, பவர் 5 வாட். “மேடே” மூன்று முறை, “இது” என்று சொல்லிப் படகின் பெயர் மூன்று முறை. பிறகு மறுபடி மேடே, படகின் பெயர், ஜிபிஎஸ்ஸில் காட்டும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர். சொல்லி முடித்ததும் பொத்தானை விட்டுக் காதுகொடு. பதில் வராவிட்டால் திரும்பச் சொல்.

இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி, படகின் பெயரையும் பதிவு எண்ணையும் சேர்த்து, கேபினில் ஒட்டு. கரையில் இருக்கும்போதே செட்டை அணைத்து வைத்துக்கொண்டு, சமைக்கிற பையன் உட்படப் படகில் வரும் ஒவ்வொருவரையும் ஒருமுறை சொல்லவை. நீயும் டிரைவரும் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது மக்களே, அந்த நேரத்தில் தண்ணீரில் கிடப்பது நீங்கள் இரண்டு பேராகவும் இருக்கலாம்.

அன்புடன்,
மாமா