பூனை பெருகும் குடியிருப்பும் அஹிம்சாணுவிரதமும்

திருப்பூரில் காதர்பேட்டை, அனுப்பர்பாளையம் முதலிய இடங்களில் பனியன் கம்பெனியும் குடியிருப்பும் ஒரே தெருவில் நெருங்கியிருப்பது யாவரும் அறிந்ததே. கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கிய குடோனில் எலி குடிபுகுகிறது. எலியை நாடிப் பூனை வருகிறது. மூட்டை இடுக்கே அதற்குப் பேறுகால அறையும் ஆகிறது. வந்தவாசி, ஆரணிப் பக்கமிருந்து தொழில் நிமித்தம் வந்து வாழும் நம் குடும்பங்களும் இப்பூனைகளைப் பற்றிய வழக்கில் சிக்கிக்கொள்கின்றன. மாடிப்படியில் அசுத்தம், இரவெல்லாம் கூச்சல் என்று முறையிடுவோர் ஒருபுறம். வாயிலில் பால் வைப்போர் மறுபுறம். குடியிருப்போர் சங்கம் கூடினால், சாக்கில் பிடித்து எங்கேனும் விட்டுவிடலாம் என்ற தீர்மானத்தில் பேச்சு முடிகிறது. கொல்லவில்லையே என்று நம்மவரும் அதில் கையெழுத்திடுகின்றனர். அக்கையெழுத்து நம் விரதத்துக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அஹிம்சாணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என நம் பிள்ளைகளும் ஒப்பிப்பர். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பது பொருள். இவை வண்டிமாட்டை மனத்திற்கொண்டு கூறியவை போலத் தோன்றினும் சாக்குப் பூனைக்கும் பொருந்தும். சாக்கில் அடைத்தல் பந்தம். பிடிக்கையில் கோலால் தாக்குதல் வதம். நொய்யற்கரையில் கொண்டுபோய் விடுதல் அன்னபான நிரோதம். பூனை தன் எல்லையை மோப்பத்தால் அறிந்து வாழும் பிராணி. புதிய இடத்தில் நீர் எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்குள்ள பூனையும் நாயும் அதை இருக்கவும் விடா. தாயை மட்டும் அகற்றினால் குடோனில் எஞ்சும் பால்குடிக் குட்டிகளின் சாவும் அக்கணக்கிலேயே சேரும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும். இவ்வளவு செய்தும் பயனில்லை. எலியும் எச்சிலும் உள்ளவரை காலியான இடத்துக்கு வேறு பூனை வந்தே தீரும்.

அவ்வாறாயின் பால் வைத்துக் காப்பது குற்றமற்றதா? பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக் கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் தெருப்பூனைகள் ஈன்ற 169 குட்டிகளைக் கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 127 குட்டிகள் ஆறு மாதம் நிறையுமுன் இறந்தன அல்லது காணாமற்போயின. இறப்பின் காரணம் தெரிந்தவற்றுள் காயமே முதன்மையானது. லாரியும் டெம்போவும் ஓயாத நம் தெருவில் நிலைமை இதனினும் நன்றாயிருக்கும் என எண்ண இடமில்லை. கிண்ணத்துப் பால் நான்கு குட்டிகளைப் பிறப்பித்து மூன்றைச் சாவுக்குக் கொடுக்குமாயின், அவ்விரக்கம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மேலும் பூனை ஊனின்றி வாழும் உடலமைப்பு உடையதன்று. டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. அச்சத்துக் குறையின் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. பால்சோறிட்டுப் பூனையைச் சைவமாக்கிவிட்டதாகச் சிலர் மகிழ்வது வேடிக்கையே! குறைந்ததை அது அணிலிடமும் குருவியிடமும் ஈடுசெய்துகொள்கிறது. பூனை முதலிய கொல்லும் பிராணிகளை வைத்து வளர்ப்பதை ஆயுத விற்பனையோடு சேர்த்து அனர்த்த தண்டம் எனக் கார்த்திகேயானுப்ரேட்சை எண்ணுகிறது. எலிக்கென்றே குடோனில் பூனை வைப்போர் இதனை ஊன்றி நோக்குக. தானே செய்தல், பிறரால் செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினையை ஈட்டும் எனக் கற்ற நாம், பூனையின் வாயால் செய்விப்பதை மட்டும் எங்ஙனம் விலக்குவது? வேஸ்ட் மூட்டைகளைத் தரைமேல் பலகை அடித்து உயர்த்தி வைத்தலும், குழாய் நுழையும் ஓட்டைகளைக் கம்பிவலையால் அடைத்தலும், தொழிலாளர் உண்ட எச்சிலை அன்றன்றே அகற்றலும் எலியையும் குறைக்கும், பூனையையும் குறைக்கும்.

இனி, இருக்கும் பூனைகளுக்குக் கருத்தடை செய்வது பற்றி நம் பெரியோர் சிலர் எழுப்பும் ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சேதம் அதிசாரங்களுள் ஒன்று. சிராவகாசார நூல்கள் சில விலக்கும் பதினைந்து தொழில்களுள் நிர்லாஞ்சனமும் ஒன்று; காயடித்தல், மூக்குக் குத்துதல் முதலியன அதில் அடங்கும். எனினும் பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்தலே ஹிம்சை என்பது இலக்கணம். நிர்லாஞ்சனம் மாடு அடங்கி உழைக்கும்பொருட்டு, உடையவன் ஆதாயத்துக்காக, வலியைப் பொருட்படுத்தாது செய்யப்பட்டது. இதுவோ மயக்கமருந்து கொடுத்து, பின்வரும் சாவுகளைத் தடுக்கும் கருத்தோடு மருத்துவர் செய்வது. ஆயினும் பூனையின் இசைவு பெற்றதன்று. ஆதலின் குற்றமே இல்லை என்பது துணிவுரையாகும். சாக்கையும் சக்கரத்தையும் எதிரே வைத்து நோக்கின், இல்லறத்தார் ஏற்கத்தக்க சிற்றூறு இதுவே என்பது என் கருத்து. மாறுபடுவோர் மேல்சித்தாமூர் மடத்தில் கேட்டுத் தெளியலாம்.

இவ்வழி நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் 1964இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை தொடங்கிற்று. நாய்களை மின்சாரத்தால் கொன்றுவந்த மாநகராட்சி 1996இல்தான் அவ்வழிக்கு வந்தது. நாய்களுக்கான விதிகள் 2001இல் நாடு முழுமைக்கும் ஆயின. அவற்றுக்கு மாற்றாக 2023 மார்ச்சில் வந்த விதிகள், உரிமையாளரற்ற விலங்குகளுக்கு உணவிடும் இடத்தை விளையாட்டிடம், படிக்கட்டு, வாயில் ஆகியவற்றுக்கு அப்பால் ஒதுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்துக்கே அளிக்கின்றன. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1998இல் தொடங்கிய தெருப்பூனைத் திட்டம் 2003இல் சார்ஸ் நோயச்சத்தால் கைவிடப்பட்டுப் பூனைகள் கொல்லப்பட்டன. அந்நாடும் மீண்டும் கருத்தடைக்கே திரும்பியது.

ஒன்றிரண்டு பூனைகளுக்குச் செய்து நிறுத்துவதில் பயனில்லை. எஞ்சியவை அக்குறையை ஓராண்டில் நிரப்பிவிடும். தெருவிலுள்ளவற்றை முதலில் எண்ணி, முக்கால் பங்குக்கு மேலாவது விரைந்து முடித்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உணவிட்டுப் பழக்கினால் கூண்டில் எளிதில் அகப்படும். பால் வைப்போரின் உதவி இங்கேதான் பெரிதும் தேவை. பிடித்ததும் கூண்டைத் துணியால் மூடின் அச்சம் தணியும். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, இடக்காது நுனியைச் சிறிது கத்தரிப்பது வழக்கம். மீண்டும் பிடிக்காதிருக்க அதுவே அடையாளம். இதுவும் சேதமன்றோ எனின், ஆம். இரண்டாம் முறை வயிற்றைக் கீறாமல் காப்பதும் அதுவே. தெளிந்தபின் பிடித்த இடத்திலேயே விடுக. பெண்பூனை அகப்பட்டால் முதலில் முலைக்காம்பைப் பார்க்க வேண்டும். பாலூட்டுவதாயின் திறந்துவிட்டு, குட்டிகள் இரண்டு மாதம் நிறையும்வரை பொறுத்திருக்க.